தொண்டுக்குப் படியளப்பவர் யார்?

குறைந்த சம்பளம் வாங்கும் செவிலியர் ஏன் நல்ல செவிலியராக இருக்கிறார்? 2005இல் சுகாதாரப் பொருளியல் ஆய்விதழ் ஒன்றில் ஆந்தனி ஹேஸ் என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தக் கேள்வி இருந்தது. அவருடைய வாதம் எளிமையானது. இந்த வேலைக்கு வருகிறவர்களில் ஒரு சாரார் உள்ளத்தின் உந்துதலால் வருகிறார்கள். கத்தோலிக்கர்கள் இறையழைத்தல் என்று சொல்வார்களே, அது போன்ற ஒன்று அவர்களை வார்டுக்குள் இழுத்து வருகிறது. இன்னொரு சாரார் சம்பளத்துக்காக வருகிறார்கள். சம்பளத்தைக் கூட்டினால் இரண்டாவது கூட்டம் பெருகும். வார்டில் தொண்டு மனம் படைத்தவர்களின் விகிதம் குறையும். ஆகவே கையை இறுக்கிப் பிடிப்பதுதான் நோயாளிக்கு நல்லது என்று அந்த வாதம் முடிகிறது. பேராசிரியர்களின் சம்பளத்துக்கும் இதே சூத்திரத்தைப் பொருத்திப் பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றும்.

மறு ஆண்டே ஜூலி நெல்சன், நான்சி ஃபோல்ப்ரே என்ற இரு பெண் பொருளியலாளர்கள் பதில் எழுதினார்கள். நல்ல சம்பளம் வாங்கும் செவிலியரே மேலான செவிலியர் என்பது அவர்கள் கட்சி. தொண்டு மனமும் இருக்கிறது, வீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருக்கின்றன என்றால் ஒரு பெண் என்ன செய்வாள்? மனம் மாறாமலேயே அவள் வேறு வேலைக்குப் போய்விடுவாள். குறைந்த சம்பளம் வடிகட்டி எடுப்பது அன்புள்ளவர்களையா, அல்லது வேறு வழியில்லாதவர்களையும் வேறு வருமானம் உள்ளவர்களையுமா என்று அவர்கள் கேட்டார்கள்.

ஆய்விதழ்களுக்குள் நடந்த சண்டைதான். ஆனால் செவிலியர் கல்விக்கு அரசு பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று எந்த நாட்டில் பேச்சு எழுந்தாலும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். பணம் உள்ளே வந்தால் தொண்டு வெளியே போய்விடுமா? போகாது என்றால், பணம் கொடுத்த அரசுக்கு அந்தப் பெண்ணின் மேல் என்ன உரிமை? முதல் கேள்விக்குச் சமயங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே பதில் சொல்லியிருக்கின்றன. அந்தப் பதிலில் பாதியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

பௌத்தர்களின் விநய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில், ஒரு நோயாளிப் பிக்குவின் கதை வருகிறது. கடுமையான வயிற்றுப்போக்கு. தன் மலத்திலும் சிறுநீரிலும் அவர் கிடக்கிறார். ஆனந்தரோடு அந்தப் பக்கம் வந்த புத்தர், உன்னைக் கவனிக்க யாரும் இல்லையா என்று விசாரிக்கிறார். இல்லை என்கிறார் பிக்கு. ஏன் இல்லை? மற்ற பிக்குகளுக்கு நான் எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் என்னை அவர்கள் கவனிப்பதில்லை என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் புகார் இல்லை. கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற உலக வழக்கை அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அவர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் தூக்கி, நோயாளியைக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கம் கூட்டப்படுகிறது. உங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே தாயுமில்லை, தந்தையுமில்லை. ஒருவரையொருவர் நீங்கள் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்று கேட்கிறார். எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்ற புகழ்பெற்ற கருத்து இந்த இடத்தில்தான் வருகிறது. மேடைகளில் எடுத்தாளப்படுவது இதுவரைதான்.

இதற்கு அப்பால் உள்ளது வெறும் நிர்வாகம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் சரக்கு அங்கேதான் இருக்கிறது. நோயாளியை யார் கவனிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை வகுக்கப்படுகிறது. குரு இருந்தால் குரு, சீடன் இருந்தால் சீடன், ஒரே குருவிடம் பயின்றவர் இருந்தால் அவர். இப்படி யாருமே இல்லாவிட்டால் சங்கமே கவனிக்க வேண்டும். கவனிக்கத் தவறினால் அது குற்றம். ஒருவர் மனதில் இரக்கம் சுரக்கிறதா என்பதை நம்பி நோயாளியின் உயிரை விட்டுவிட புத்தருக்கு மனமில்லை. பொறுப்பு ஒரு முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அடுத்து, நோயாளியைக் கவனிக்கத் தகுதியானவர் யார் என்று ஐந்து இலக்கணங்கள் சொல்லப்படுகின்றன. மருந்தைத் தயார் செய்யத் தெரிய வேண்டும். நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும். ஆதாயத்தை எதிர்பார்க்காமல் அன்பு மனத்தோடு கவனிக்க வேண்டும். மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்கக் கூடாது. நல்ல பேச்சால் நோயாளிக்குத் தெம்பூட்டத் தெரிய வேண்டும். அன்பு மூன்றாவது இடத்தில் நிற்பதைக் கவனிக்கலாம். அதற்கு முன்னால் நிற்கும் இரண்டும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள். சரக சம்ஹிதையும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு நான்கு குணங்களைச் சொல்கிறது. பணிவிடை முறை அறிந்திருத்தல், கைத்திறன், அன்பு, தூய்மை என்று அங்கேயும் அன்பு மூன்றாவதாகத்தான் வருகிறது. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு, பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்கு என்று எண்ணுகிறது. கவனிப்பவர் கணக்கில் வந்த பிறகு, அவரைத் தயார்ப்படுத்துவது யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

ஆதாயத்தை எதிர்பாராமல் என்ற பகுதியை ஹேஸ் கட்சிக்காரர்கள் தங்களுக்குச் சாதகமான சாட்சியாகக் கொள்ளலாம். ஆனால் அதே மகாவக்கத்தில் அடுத்தாற்போலவே இன்னொரு விதி இருக்கிறது. ஒரு பிக்கு இறந்தால் அவருடைய சீவர ஆடைக்கும் பிட்சைப் பாத்திரத்துக்கும் சங்கமே உரிமையாளர். எனினும் நோயாளியைக் கவனித்தவர்கள் பெரிய உதவி செய்தவர்கள்; ஆகவே இறந்தவரின் மூன்று ஆடைகளையும் பாத்திரத்தையும் சங்கம் அவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறது அந்த விதி. கவனித்தவர்களில் முழுத் துறவு பெறாத இளம் சாமணேரர் ஒருவர் இருந்தால்? அவருக்கும் சம பங்கு.

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஏற்பாடு இது. கவனிப்பவர் ஆதாயத்தை மனதில் வைத்திருக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்தான், கவனித்தவருக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. எதிர்பார்க்காமல் இருப்பது அவருடைய அறம். கொடுப்பது சங்கத்தின் அறம். இரண்டும் வெவ்வேறு ஆட்களுடைய கடமைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது. நீ தொண்டு மனம் உள்ளவள், ஆகவே உனக்கு எதற்குப் பணம் என்று கேட்கிற நிர்வாகி, அந்தப் பெண்ணின் அறத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு தன்னுடைய அறத்தைத் தட்டிக்கழிக்கிறார். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பணம் நோயாளியின் கையிலிருந்து கவனிப்பவரின் கைக்கு நேராகப் போகவில்லை. நடுவில் சங்கம் நிற்கிறது. அதனால் ஆடை பாத்திரம் நிறைய வைத்திருக்கிற நோயாளியைத் தேடிப் போகிற ஆசைக்கு இடம் குறைகிறது.

சமயங்கள் சம்பளமில்லாமல் செவிலியர்களை உருவாக்கின என்று பொதுவாகச் சொல்வார்கள். கன்னியாஸ்திரீகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1633இல் பாரிஸில் வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபை ஐரோப்பா முழுவதும் மருத்துவமனைகளை நடத்தியது. அந்தச் சகோதரிகள் கையில் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் தங்க இடம், உணவு, உடை, வேலை கற்றுத்தர மூத்தவர்கள், தள்ளாத வயதில் பார்த்துக்கொள்ள ஆள் என எல்லாவற்றுக்கும் சபை பொறுப்பு. இன்றைய கணக்கில் எழுதிப் பார்த்தால் அது பயிற்சிச் செலவும் ஆயுட்கால ஓய்வூதியமும் சேர்ந்தது. (அவர்களுடைய நேர்ச்சைகள் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை, மனம் மாறினால் விலகலாம். நம் ஊரில் சில நிர்வாகங்கள் எழுதி வாங்கும் பாண்டுப் பத்திரங்களில் இந்தப் பெருந்தன்மை கிடையாது.)

ஃபிரான்ஸில் இந்த உண்மை விலை கொடுத்துத்தான் விளங்கியது. மூன்றாம் குடியரசின் காலம். மருத்துவமனைகளிலிருந்து திருச்சபையை வெளியேற்ற வேண்டும் என்பதில் பாரிஸ் நகர்மன்ற உறுப்பினரும் நரம்பியல் மருத்துவருமான தெசிரே மக்லுவார் பூர்னவில் பிடிவாதமாக இருந்தார். கன்னியாஸ்திரீகளை அனுப்பிவிட்டால் நோயாளிகளை யார் பார்ப்பது? 1878இல் சால்பெத்ரியேர், பிசெத்ர் மருத்துவமனைகளில் நகராட்சிச் செலவில் செவிலியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கட்டணம் இல்லை. வார்டில் வேலை பார்த்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாததால் பாடம் அகரவரிசையிலிருந்து தொடங்கியது. கடவுளை விட்டுவிட்டு ஒரு செவிலியரை உருவாக்க முடியுமா என்பது அன்றைய பத்திரிகைச் சண்டை. கத்தோலிக்கத் தரப்பு முடியாது என்றது. பூர்னவில் தரப்பு பாடப்புத்தகம் போதும் என்றது. 1908இல் பாரிஸின் மிகப் பழமையான மருத்துவமனையான ஒத்தெல் தியூவிலிருந்தும் அகுஸ்தீன் சபைச் சகோதரிகள் வெளியேறினார்கள்.

இரு தரப்புமே ஒன்றைக் கவனிக்கத் தவறின. சகோதரிகளிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது வேலையை மட்டும்தான். அவர்களுக்குப் பின்னால் சோறு போட்டு, சொல்லிக்கொடுத்து, வயதான காலத்தில் தாங்கி நின்ற சபையின் இடத்தை அது நிரப்பவில்லை. புதிய பணியாளர்களுக்கு மாலை நேர வகுப்பு கிடைத்தது. கௌரவமான ஊதியமோ தங்குமிடமோ கிடைக்கவில்லை. புராட்டஸ்டன்ட் மருத்துவரான அன்னா ஹாமில்டன் 1900இல் செவிலியர்களைப் பற்றியே ஆய்வேடு எழுதியவர். பிறகு போர்தோ நகரில் முறையான பயிற்சிப் பள்ளியை நடத்திய அவருக்கு, துறவியரின் பழைய முறையிலும் திருப்தி இல்லை, பூர்னவிலின் புதிய முறையிலும் திருப்தி இல்லை. நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்ற சண்டையில் வார்டு இரவில் ஆள் இல்லாமல் கிடந்தது என்பதுதான் அவரைப் போன்றவர்களின் குறை.

இறையழைத்தல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் பெயர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். 1837 பிப்ரவரி 7ஆம் நாள், பதினாறு வயதில், கடவுள் தன்னைப் பணிக்கு அழைத்ததாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த அழைப்புக்கும் அவர் ஒரு மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றதற்கும் நடுவே பதினாறு ஆண்டுகள் ஓடின. குடும்பம் சம்மதிக்கவில்லை. ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் புராட்டஸ்டன்ட் சகோதரிகள் நடத்திய நிறுவனத்தில் 1851இல் சில மாதங்கள் பயின்றார். 1853இல் தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுக்க இசைந்த பிறகுதான் அவரால் லண்டனில் சம்பளமில்லாப் பொறுப்பொன்றை ஏற்க முடிந்தது. அழைத்தது கடவுள்தான், வாடகையும் சாப்பாடும் அப்பா கணக்கில். அப்படிப்பட்ட அப்பா வாய்க்காத பெண்களுக்கும் அழைப்பு வந்திருக்குமே என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். கிரிமியப் போரின்போது அவர் பெயரில் பொதுமக்கள் திரட்டிய நிதி ஏறத்தாழ 45,000 பவுண்டு. அதை வைத்து 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியில் மாணவிகளிடம் கட்டணம் வாங்கவில்லை. தங்குமிடமும் உணவும் போக, கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு கொடுத்தார்கள். எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்றும் கேட்கவில்லை.

அவருடைய இறையியலும் இதற்கு ஒத்ததே. அதே 1860இல் அவர் தனிப்பட்ட முறையில் அச்சிட்ட மூன்று தொகுதி மெய்யியல் நூலில் கடவுள் விதிகளின் வழியாகவே செயல்படுகிறார் என்று வாதிட்டார். சாக்கடைகள் தேம்ஸில் கலந்துகொண்டிருக்கும்போது கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றும்படி தேவாலயத்தில் மன்றாடுவது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. காலரா எந்தத் தெருவுக்கு வரும் என்று முன்கூட்டியே காட்ட முடிகிறது என்றால், அந்தத் தெருவைச் சுத்தம் செய்வதே வேண்டுதல். புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரான அவருக்கு, வரவுசெலவுத் திட்டத்தில் செவிலியர் பயிற்சிக்கு ஒரு வரி எழுதுவது பக்திக்குக் குறைவான செயலாகத் தோன்றியிருக்காது. ஆனால் அவரிடமும் ஒரு முரண் இருந்தது. தேர்வு வைத்துச் செவிலியர்களை அரசுப் பதிவேட்டில் ஏற்றுவதை அவர் கடைசிவரை எதிர்த்தார்; குணத்தைத் தேர்வால் அளக்க முடியாது என்றார். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1919இல்தான் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது.

பணம் கொடுத்தால் கூலிக்காரர்கள்தான் வருவார்கள் என்ற அச்சத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறு ஒரு பெரிய வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மருத்துவமனைகளின் செவிலியர்கள் போர்முனைக்குப் போய்விட, உள்ளூரில் ஆள் இல்லை. ஒஹையோவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிரான்சஸ் போல்டன் கொண்டுவந்த சட்டம் 1943இல் நிறைவேறி, கேடட் நர்ஸ் படை உருவானது. பயிற்சிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அரசுச் செலவு. அதோடு மாத உதவித்தொகை: முதல் ஒன்பது மாதம் 15 டாலர், அடுத்த கட்டத்தில் 20, இறுதிக் கட்டத்தில் குறைந்தது 30. சாம்பல் நிறச் சீருடையில் சிவப்புத் தோள்பட்டை. இனப் பாகுபாடு கூடாது என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்ததால் சுமார் 3,000 கறுப்பினப் பெண்களும், முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களின் பெண்களும் சேர முடிந்தது. 1948இல் திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்து, சுமார் 1,24,000 பேர் படிப்பை முடித்தார்கள்.

இவர்களில் யார் நாட்டுப்பற்றால் வந்தவர், யார் இலவசப் படிப்புக்கு வந்தவர், யார் அழகான சீருடைக்கு மயங்கியவர்? பிரித்துப் பார்க்க வழியில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்காது. பதினெட்டு வயதில் எந்தப் படிப்பில் சேருகிறவருக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. அன்பு என்பது ஆள் வரும்போதே கொண்டுவரும் பொருள் என்று ஹேஸின் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரு உயிர் பிழைப்பதையும் ஒரு உயிர் போவதையும் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, வார்டிலேயே அது முளைக்கலாம் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அமெரிக்க அரசு இந்த அனுபவத்தை மறக்கவில்லை. 1964இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட செவிலியர் பயிற்சிச் சட்டம், பொதுச் சுகாதாரச் சட்டத்தின் எட்டாம் பகுதியாக இன்றும் நீடிக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதன் கீழ் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி டாலர் ஒதுக்கப்படுகிறது.

எதிர்த்திசைச் சோதனையை இங்கிலாந்து நடத்தியது. அங்கே செவிலியர் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டி, செலவுக்கும் உதவித்தொகை கொடுத்துவந்தது. 2015 நவம்பரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதை நிறுத்தப் போவதாக அறிவித்தார். மற்ற மாணவர்களைப் போல இவர்களும் கடன் வாங்கிப் படிக்கட்டும் என்றார். அவர் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அரசு பணம் கட்டுகிறவரை அரசு ஒதுக்கும் தொகைக்கு ஏற்றபடிதான் இடங்கள் இருக்கும். கடனுக்கு மாறினால் அந்தத் தடை போய், கூடுதலாகப் பத்தாயிரம் இடங்கள் வரை உருவாகும் என்று அரசு கணக்குச் சொன்னது. 2017 ஆகஸ்டிலிருந்து புதிய மாணவர்கள் ஆண்டுக்கு 9,250 பவுண்டு வரை கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு விண்ணப்பங்கள் ஏறத்தாழ 23 விழுக்காடு சரிந்தன. இடங்களைவிட விண்ணப்பித்தவர்கள் எப்போதும் அதிகம் என்பதால் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்கு விழவில்லை. சொன்ன கூடுதல் இடங்களும் நிரம்பவில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கையைவிட ஆட்களை. யார் வராமல் போனார்கள்? பள்ளி முடித்த கையோடு வரும் இளையவர்களைவிட, வயது கூடியவர்களே அதிகமாக விலகினார்கள். வேறு வேலை பார்த்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள், படுக்கையில் கிடந்த பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நோயாளியின் பக்கத்தில் இருப்பது என்றால் என்னவென்று தெரிந்தே விண்ணப்பிக்கக்கூடியவர்கள் இவர்கள்தான். வீட்டுக் கடனோடு கல்விக் கடனையும் சுமக்க அவர்களால் முடியவில்லை. கையை இறுக்கினால் தொண்டு மனம் உள்ளவர்கள் மட்டும் எஞ்சுவார்கள் என்ற கோட்பாடு இங்கே தலைகீழாகப் போனது. 2019 டிசம்பரில் அதே கட்சியின் அரசு பின்வாங்கி, திருப்பிக் கட்ட வேண்டாத 5,000 பவுண்டு உதவித்தொகையை 2020 செப்டம்பரிலிருந்து தருவதாக அறிவித்தது. கட்டணக் கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்து உதவித்தொகையை நிறுத்தவே இல்லை. 2020இல் அதை 10,000 பவுண்டாக உயர்த்தியது.

சரி, அரசு கொடுக்கட்டும். கொடுத்தால் அந்தப் பெண் அரசுக்குக் கடன்பட்டவளா? இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினமானது. வேல்ஸ் அரசு கட்டணத்தையும் உதவித்தொகையையும் ஏற்றுக்கொள்கிறது. பதிலுக்கு, படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் வேல்ஸில் வேலை பார்ப்பதாக மாணவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் நர்ஸ் கோர் திட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தால் கல்விக் கடனில் 60 விழுக்காட்டை அரசு கட்டுகிறது. மூன்றாம் ஆண்டும் இருந்தால் மேலும் 25 விழுக்காடு.

எவா ஃபெடர் கிட்டே என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1999இல் வெளியிட்ட அன்பின் உழைப்பு பற்றிய நூல் இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் திருப்புகிறது. கடுமையான குறைபாட்டோடு பிறந்த மகளை வளர்த்த அனுபவத்திலிருந்து எழுதியவர் அவர். தன்னால் எதையும் திருப்பித் தர முடியாத ஒருவரைக் கவனித்துக்கொண்டிருப்பவர், அந்த நேரத்தில் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாது. ஆகவே அவரும் பிறரைச் சார்ந்தவராகிறார். அவரைத் தாங்க வேண்டிய பொறுப்பு சுற்றியுள்ள சமூகத்துடையது. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவைப் போல, கவனிப்பவரைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்கிறார் கிட்டே. எல்லோரும் எப்போதோ யாராலோ கவனிக்கப்பட்டவர்கள்தான் என்பதால் அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் விலகி நிற்க முடியாது.

இப்படிப் பார்த்தால் செவிலியர் கல்விக்கு அரசு கொடுக்கும் பணம் மாணவிக்குக் கொடுக்கும் கைமாற்று ஆகாது. நோயாளிக்கு அரசு செய்ய வேண்டியதை அவள் கை வழியாகச் செய்கிறது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டு வேலை பார்க்கச் சொல்வதில் பெரிய தவறில்லை. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு முழுச் சம்பளமும், வேண்டாம் என்றால் முன்னரே விலகிக்கொள்ளும் வழியும் இருந்தால் அது நேரிய ஒப்பந்தம். ஆனால் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு அரைச் சம்பளத்தில் வேலை வாங்குவது வேறு. இந்தியத் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் பாண்டு என்ற பெயரில் நடந்தது இதுதான். இந்தியச் செவிலியர் மன்றம் அதைக் கண்டித்திருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு முடிச்சு உண்டு. அருவருப்பை வெல்வது கவனிப்பவரின் இலக்கணம் என்று புத்தர் சொன்ன மண்ணிலேயே அருவருப்பு சாதி ஒழுக்கமாகியது. பிறர் உடலின் கழிவைத் தொடுவது தீட்டு. மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோதும், வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கியபோதும் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவப் பெண்களுமே. சேவையைப் புகழ்வதில் குறைவில்லாத சமூகம், தன் வீட்டுப் பெண்ணை அனுப்பத் தயங்கியது. விளைவை 1946இல், போர் (Bhore) என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழு எண்ணிச் சொன்னது: நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்கள், 43,000 பேருக்கு ஒருவர். பிரிட்டனில் அப்போது 300 பேருக்கு ஒருவர்.

அதற்குப் பிறகு கல்லூரிகள் பெருகின. பெரும்பகுதி தனியார் கையில். பெற்றோர் நகையை அடகு வைத்தும் வங்கியில் கல்விக் கடன் வாங்கியும் படிக்க வைத்தார்கள். படித்து முடித்தவள் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ விமானம் ஏறினால், நாட்டுக்கு நன்றியில்லாதவள் என்று சொல்ல நாட்டுக்கு என்ன வாய் இருக்கிறது? அவளுக்குப் படியளந்தது அவள் அம்மாவின் தாலிச் சங்கிலி. 2023இல் ஒன்றிய அரசு, மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 புதிய செவிலியர் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 பட்டதாரிகள் வருவார்கள் என்பது மதிப்பீடு. நல்ல தொடக்கம். ஆனால் பயிற்சிக்குக் கொடுத்த கை, வேலைக்குக் கொடுக்கும்போது சுருங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரச் செவிலியர் செய்யும் அதே ஊசி, அதே டிரிப், அதே இரவுப் பணி. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவத் துறை இயக்குநரக வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கேள்வி அங்கே எழுந்தது. கொரோனாக் காலத்தில், 2020 மே 3ஆம் நாள், விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் பூத்தூவியபோது, கீழே கவச உடையில் நின்றவர்களில் இந்தத் தொகுப்பூதியக்காரர்களும் இருந்தார்கள்.

தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் கொடுத்த உத்தரவின்படி அமைந்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளச் செவிலியர்கள் 2017இல் தெருவில் இறங்கிய பிறகு, 2018 ஏப்ரலில் அந்த மாநில அரசு 20,000 ரூபாயைத் தொடக்க ஊதியமாக அறிவித்தது. மருத்துவமனை நிர்வாகங்கள் அதை எதிர்த்து நீதிமன்றப் படியேறின. கேரளத்தின் தனியார் மருத்துவமனைகளில் கணிசமானவற்றை நடத்துவது திருச்சபைகள்.